கை கழுவிய தண்ணீர்

பன்னிரண்டாம் வாரம்.
சியாயாவில் மழை நின்று ஒன்பது நாள்.
சிப்ரோசா அவூரின் மக்காச்சோள வயலில்
குனிந்து குனிந்து சுடுமல்லியை எண்ணுகிறேன்.
ஊதாப் பூ. பார்க்க அழகு.
கயோங்கோ என்று பேர் சொன்னால் போதும்,
இங்கே குழந்தைகூடப் பறித்து விளையாடாது.

இடப்பக்கம் அவளுடைய பழைய விதை:
ஒரு சதுர மீட்டரில் நாற்பத்தொன்று.
முழங்கால் உயரத்தில் நின்றுவிட்ட சோளம்
தன் உடம்பை வளர்க்காமல்
ஒட்டியவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

வலப்பக்கம் எங்கள் விதை:
மூன்று.
மறுபடி எண்ணினேன். மூன்றுதான்.

சோளத்தின் வேர் மண்ணுக்குள் எதையோ கசியவிடும்.
இருபது வருஷம் தூசாய்த் தூங்கிய விதை
அந்த வாசனைக்குத்தான் கண் விழிக்கும்.
வா என்று கூப்பிட்டது சோளமேதான்.
எங்கள் சோளமும் அதே குரலில் கூப்பிடுகிறது;
அதை எங்களால் நிறுத்த முடியவில்லை.
வருவது வாய் வைக்கும் இடத்தில்
நஞ்சு பூசி வைத்தோம், அவ்வளவே.

அந்த நஞ்சில் சோளம் சாகாதிருக்க
யாரோ எங்கோ ஒரு கண்ணாடித் தட்டில்
கோடி உயிரணுக்களை மருந்தில் ஊறவிட்டு
பிழைத்த ஒன்றைப் பொறுக்கியெடுத்தார்கள்.
புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மாறியிருந்தது.
பிறகு ஏழு பருவம்
உள்ளூர்ச் சோளத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து
இந்த மண்ணுக்குச் சொந்தமாக்கினோம்.

பயிற்சி நாளில் நான் சொன்னது இவ்வளவுதான்:
இந்த விதையை ஊன்றிய கையால்
அவரை விதையைத் தொடாதீர்கள், செத்துப்போகும்.
கழுவிவிட்டுத் தொடுங்கள்.
துண்டுத்தாளில் படமும் போட்டிருந்தோம்:
ஒரு குழாய், அதன் கீழே இரண்டு கைகள்.
கொடுத்துவிட்டு நாங்களும் கை கழுவிக்கொண்டோம்.

குழாய்.

சிப்ரோசா கழுவத்தான் செய்தாள்.
யாலா ஆற்றிலிருந்து மஞ்சள் கேனில்
தலைச்சுமையாய் வந்த தண்ணீர்.
ஒரு சொட்டும் வீணாகாமல்
அலுமினியத் தட்டில் ஏந்தி
வேலியோரப் பூசணிக்கு ஊற்றினாள்.

சோளம் பச்சை. அவரை பச்சை.
பூசணி மட்டும்
நுனி வெளுத்துச் சுருண்டு
வேலியில் ஏறிய பாதியிலேயே விட்டுவிட்டது.

"நீ சொன்னதைத்தானே செய்தேன்" என்றாள்.
கோபம் இல்லை. சில்லறையை எண்ணிப் பார்த்து
ஒன்று குறைகிறது என்பவள் போல.

படிவத்தில் கட்டங்கள் உண்டு:
சுடுமல்லி, கதிர், எடை, ஈரம்.
பூசணிக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
அலுவலகத்தில் ஓரங்களை யாரும் கணினியில் ஏற்றுவதில்லை.

"அடுத்த பருவமும் இந்த விதை வருமா?"
வரும் என்றேன்.
"அப்போது தண்ணீரை எங்கே கொட்ட?"

வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.
அவள் அதற்குள் வலப்பக்கம் போயிருந்தாள்.
"எண்ணி முடித்தாயா?"
தலையசைத்தேன்.
மூன்றையும் பூவோடு, வேரோடு பிடுங்கி
சர்க்கரைப் பையில் போட்டு
வாயை இறுக்கிக் கட்டினாள்.