கடைசித் தேதி, மாலை ஆறு மணி

புதுவயல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே
என் நெட் சென்டரில் இரண்டு கணினி.
ஒன்றில் எந்நேரமும் பட்டா, சிட்டா, சாதிச் சான்று.
மற்றதில் விசிறி சரியில்லை,
கிணற்று மோட்டார் போல இரையும்.
அதில்தான் செசிலியை உட்காரவைத்தேன்.

பதினொன்றாம் வகுப்பு. யூனிபார்ம் மாற்றவில்லை.
கோடை அறிவியல் முகாம், நான்கு வாரம், சென்னையில்.
மாநிலம் முழுவதற்கும் நாற்பது இடம்.
இன்று ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள்.
"நேத்தே வரக் கூடாதா?"
"நேத்து இன்னும் ஒரு தட்டு எண்ண வேண்டியிருந்துச்சு, அக்கா."

எனக்கு விளங்கவில்லை.

போட்டோ ஐம்பது கேபிக்குள் வேண்டுமாம்.
சுருக்கியதில் அவள் காது இரண்டும் கட்டம் கட்டமாயின.
ஆதாரில் ஆரோக்கிய செசிலி,
மார்க் ஷீட்டில் வெறும் செசிலி.
பெற்றோர் ஆண்டு வருமானம், கட்டாயம்.
"லோடு கிடைச்சா உண்டு" என்பதை
எண்ணாக்கத் தெரிந்தவள் நான்:
எழுபத்திரண்டாயிரம்.

ஓடிபி அவள் அப்பா போனுக்குப் போனது.
அவர் நெல்லூர்ப் பக்கம், லாரியில்.
"ரெண்டு... ஒம்பது... பணம் எதுவும் போயிடாதுல்ல?"
அதற்குள் காலாவதி.
மூன்றாம் முறை வண்டியை ஓரங்கட்டி
வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி
ஆறு எண்ணும் சொன்னார்.

பிறகு அந்தப் பெட்டி.
'உனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதுக.
முந்நூறு சொற்களுக்குள்.'

எட்டு வருஷமாய் மனு அடிக்கிறேன்.
மதிப்பிற்குரிய ஐயா,
கீழே கையொப்பமிட்டுள்ள நான்,
தாங்கள் கருணை கூர்ந்து.
இந்தப் பெட்டிக்கு என்னிடம் மாதிரி இல்லை.

அவள் நோட்டைப் பிரித்தாள்.
சொல்லச் சொல்ல அடித்தேன்.

எங்கள் தெருவுக்கு மேற்கே அரிசி மில்.
உமி எரியும் புகைக்கூண்டு.
தேங்காயெண்ணெய் தடவிய வெள்ளைத் தட்டு
பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, அறுபது நாள்.
ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து
உள்ளே விழுந்த கரியை எண்ணினேன்.
பகலில் சராசரி நாற்பத்தொன்று.
இரவில் நூற்றுப் பன்னிரண்டு.
ஆனால் மில் மாலை ஐந்துக்கே நின்றுவிடுகிறது.
பகலெல்லாம் அந்தக் கரி எங்கே காத்திருக்கிறது?

என் விரல் நின்றது.
எங்கள் வீட்டுக் கொடியும் அந்தப் பக்கம்தான்.
தினம் காலையில் துணியை உதறுவேன்,
மில்காரனைத் திட்டுவேன்.
அதோடு சரி.

முந்நூற்று நாற்பது சொல். வெட்ட வேண்டும்.
"அம்மா வரியை எடுத்துருங்க" என்றாள்.
அம்மா அதே மில்லில் உமி அள்ளுகிறாள்,
விடிய விடிய இருமுகிறாள் என்றிருந்த இடம்.
"அசடே, அதைப் படிச்சாத்தான் மனசு இளகும்,
அதுக்காகவே சீட்டு குடுப்பாங்க."
"அதுக்கு விடை தெரியும், அக்கா.
தெரியாததைத்தானே கேட்டிருக்காங்க."

எடுத்தேன்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வட்டம் சுற்றி நின்றது.
விண்ணப்ப எண் பதினோராயிரத்துச் சொச்சம்.
பிரிண்டுக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டேன்,
கரண்ட் பில் எனக்கும்தான் வருகிறது.
முடிவு மே இரண்டாம் வாரம் என்று
அவள் எனக்கே சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டு நிமிடம் மிச்சம்.
புதிய விண்ணப்பம் என்பதை அமுக்கினேன்.
பெயர் இருக்கட்டும், முதலில் கேள்வி:
எங்கள் செம்மண் ஊருணியில்
மழை விட்டதும்
கிழக்குப் படித்துறையில் மட்டும்
கலங்கல் ஏன் சீக்கிரம் தெளிகிறது?
பத்து வயதில் கேட்டது.
தேவகோட்டையில் மூன்று வருஷம் இயற்பியல் படித்தும்
யாரிடமும் கேட்காதது.

பிறந்த ஆண்டு என்ற பட்டியலை இழுத்தேன்.
2008க்குக் கீழே இறங்க மறுத்தது.
தொண்ணூற்றேழு அதில் இல்லவே இல்லை.
இரண்டு முறை இழுத்துப் பார்ப்பதற்குள்
பக்கம் மூடிக்கொண்டது.
"யம்மா, வில்லங்கம் ஒண்ணு எடுக்கணும்"
என்று ஒருவர் செருப்பைக் கழற்றினார்.

வீட்டுக்குப் போனதும் கொடியில் என் துப்பட்டா.
உதறாமல் விரித்துப் பிடித்தேன்.
முப்பத்தாறு வரை எண்ணினேன்.
அதற்கு மேல் இருட்டிவிட்டது.