படத்தில் இல்லாத பக்கம்

மார்த்தாண்டத்தில் பகலெல்லாம் பல்செட் செய்யும் கை
இரவில் சரக்குப் பெட்டி செய்கிறது.
இரண்டரை அடிப் பாதையில் ஓடியது,
இப்போது என் சுண்டுவிரல் நீளம்.

ஊசிமுனையால் தகட்டில் குத்தி
நூற்றுப் பன்னிரண்டு ஆணித்தலை.
ஒன்று கோணினால் தகடே வீண்.

மணவாளக்குறிச்சி மணலை ஏற்றிப் பார்த்தேன்.
பருக்கை ஒவ்வொன்றும் நெல்லிக்காய்.
அரைத்து, துணியில் சலித்தேன்.

கிடைத்த புகைப்படம் ஒன்றே,
அதில் இடப்பக்கம் மட்டும்.

"அந்தப் பக்கமும் இதுமாதிரி இருந்தா போராதா,
ஆரு பாக்கப்போறா?"
பாதித் தூக்கத்தில் ஜெசிந்தா.

கடைவாய்ப் பல்லுக்கும்
பள்ளம் குடைகிறவன் நான்.

வலப்பக்கக் கதவின் கீழே
ஒரு படியைச் சற்று வளைத்தேன்,
எவனோ தினமும் மிதித்து ஏறியதாக.
அவன் எத்தனை கிலோ என்பது
இன்னும் முடிவாகவில்லை.