சிவப்பென்று சொல்லி விற்றது

டூவும்பாவில் ஜூன் மாதப் பனிமூட்டம்
கராஜுக்குள்ளும் வரும்.
வெப்ப விளக்கின் கீழே நாலு குஞ்சுகள்,
நாலும் ஒரே சாம்பல்.
அடுப்புச் சாம்பலை ஒலிவ் எண்ணெயில் குழைத்தால் வருமே, அது.
இதுகளுக்கா இந்த விலை என்று
சிவமலர் கேட்டபோது
பதிலை அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன்:

அப்பன் கருந்தலை. அம்மா செந்தலை.
ஆகவே மகன்கள் தாயைப்போல் சிவப்பு,
மகள்கள் தகப்பனைப்போல் கறுப்பு.
கூல்டியன் ஃபிஞ்சுகளின் கணக்கு இது, பிசகாது.
எது மகன், எது மகள் என்பதுதான்
அட்டையில் இல்லை.

பகலில் எனக்குப் பெயின்ட் கடையில் வேலை.
எண்ணை அடித்தால்
மெஷின் மூன்று சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் விடும்.
குலுக்கி, மூடிமேல் ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பேன்:
காய்ந்தபிறகு உங்கள் சுவர் இதுதான்.
ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.
(ஒருவர் கொண்டுவந்தார். அது வெளிச்சத்தின் பிழை.)

கூட்டுப் பெட்டியை டோர்ச்சோடு திறந்த நாட்களில்
வாயோரத்தில் நீல மணிகள் மினுங்கின,
தாய் இருட்டில் வாய் தேடித் தடுமாறாதிருக்க.
அதைத் தவிர அப்போது நிறமே இல்லை.
தோலும் பசியும்.

வார்விக்கிலிருந்து மார்லீன் வந்தாள்.
சிவப்பு ஒன்று வேண்டும், சிவப்பு மட்டும்.
ஏழு வாரம்தானே, பொறுங்கள்,
செப்டம்பரில் தெரிந்துவிடும் என்றேன்.
செப்டம்பரில் முழங்கால் ஆபரேஷன்,
அதற்கு முன் வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் வேண்டும் என்றாள்.

ஆகவே நாலு இரவு
பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு கேட்டேன்.
மகன்கள்தான் பாடிப் பழகும் என்பார்கள்:
தொண்டை துடிக்கும், அலகு அசையும்,
கம்பியில் காதை வைத்தால்தான் சத்தம்,
தண்ணீர்க் குழாய்க்குள் யாரோ கதைப்பதுபோல.
மேல் குச்சியில் இருந்தது பாடியது.
ஐந்தாம் நாள் காலையிலும் பாடியது.
காலில் 31 என்ற வளையம்.
பற்றுச்சீட்டில் ‘சிவப்பு’ என்று எழுதி
கையெழுத்தும் வைத்தேன்.

ஆகஸ்ட்டில் மிச்சம் மூன்றும் இறகு உதிர்த்தன.
முதலில் வயிற்றில் ஒரு மஞ்சள் கீறல்,
பிறகு நெஞ்சில் கத்தரிப்பூ ஊதா.
முகம் கடைசி. முகம் எப்போதும் கடைசி.
ஒன்றின் கண்ணோரம் குங்குமம் சிந்தினாற்போல்,
ஒரு கிழமையில் அடுத்ததும்,
அதற்கடுத்ததும்.
ஒருமுறைகூட என் காதில் விழாத
மூன்று மகன்கள்.

அப்போதே வயிற்றுக்குள் ஏதோ கழன்றது.

ஒக்டோபரில் மார்லீன் கோல் எடுத்தாள்.
காசைத் தருகிறேன், இங்கே மூன்று சிவப்பு நிற்கிறது,
வந்து பிடித்ததை எடுங்கள் என்று
அவள் ஹலோ சொல்லுமுன் சொல்லி முடித்தேன்.
அந்தப் பக்கம் ஊன்றுகோல் தரையில் தட்டியது.
பிறகு: “ரூபி கறுத்து மூன்று கிழமை ஆகிறது.
நான் எடுத்தது எந்தத் தினை போடுவதென்று கேட்க.”

கறுப்பிக்கு ரூபி என்று பேர்.
மாற்றவில்லையா என்றேன்.
முகம் வருமுன்னே வைத்த பேர்,
அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறது என்றாள்.
இன்னும் பாடுகிறதா?
“எப்போதாவது. டிவியில் கிரிக்கெட் ஓடினால்.”

வெள்ளைத் தினை என்றேன். கணவாய் ஓடும் தொங்கவிடுங்கள்.

அட்டையைக் கிழிக்கவில்லை.
கணக்கு சரிதானே, ஒரு இறகு பிசகவில்லை.
மகள் பாடிப் பார்க்கமாட்டாள் என்று
அதில் யாரும் எழுதவும் இல்லை,
நானாகக் கேட்டுக்கொண்டது அது.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
31க்கு நேரே, அடித்தாளில்
அழுத்தி எழுதிய ‘சிவப்பு’.
கார்பன் நீலத்தில்.