ஒரு பிடி மாவு

உயுனியில் விடியல், மைனஸ் ஒன்பது.
கைப்பம்பை நாற்பது முறை அமுக்கினால்தான்
இருமுகிறது என் கிழட்டு லேண்ட் குரூசர்.
‘இன்ஜெக்டர் போச்சு’ என்றார் சில்வேரியோ.
‘பம்பையே மாத்து’ என்றான் அவர் மைத்துனன்.
விலை கேட்டுத் திரும்பிவிட்டேன்.

பசிலியா ஒன்றும் சொல்லவில்லை.
பம்பை ஈரம்போகத் துடைத்தாள்.
அடுக்களையிலிருந்து ஒரு பிடி மாவு கொண்டுவந்து
அதன்மேல் ஊதினாள்.
என்ஜினை ஓடவிட்டுக்
கோக்கா இலை மென்றபடி நின்றாள்.

ஆக்சிலரேட்டர் தண்டின் கழுத்தில்
மாவு கறுத்தது,
எறும்புக் கண் அளவு.

பகலில் டீசல் வெளியேறிய வழியே
இரவில் காற்று உள்ளே போயிருக்கிறது.

லீவர் இருந்த இடத்தைக் கீறிக் குறித்துக்கொண்டு
கழற்றினாள்.
ரப்பர் வளையம் பிஸ்கட்டாய் நொறுங்கியது.
புதியது என் சுண்டுவிரலுக்கும் சிறிசு.

மறுநாள் ஒரே திருகல்.

உப்புவெளியில் பாதி தூரம் போனபின்
பசித்தது.
மிச்ச மாவில் அவள் சுட்டுத் தந்த ரொட்டி,
லேசாக
டீசல் வாசம்.