இரண்டு மணி நிலை

வண்ணாரப்பேட்டையில் பட்டுக்கடைகளுக்குப் பின்னால்
செங்குத்தான மாடிப்படி, மேலே எங்கள் ஸ்கேன் சென்டர்.
அறிக்கை தட்டுவது என் வேலை.
ஆயா வராத நாளில் ஜெல் துடைப்பதும்.

மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
முதலில் ஜெசிந்தாவின் குரல் மேலே ஏறி வந்தது,
பிறகு ஜெசிந்தா.
காசிமேட்டு ஏலக்காரி.
கையில் நாலாக மடித்த ஒரு சீட்டு.

ஜமாலியா சகாபுதீன் எழுதியது.
ஊசி குத்துகிற சீன வைத்தியம் படித்தவர்,
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துக்
கண்ணை மூடிக்கொள்வாராம்,
பக்கத்துக் கடை மிக்ஸி சத்தம் நிற்கும்வரை
ஒன்றும் பேசமாட்டாராம்.

சீட்டில் இருந்தது:
இடக்கை, நடுவிரல். கல்லீரல் நாடி.
முறுக்கி இழுத்த கம்பி.
நாக்கின் ஓரம் ஊதா.
தேங்கிய கோபம், பல வருஷத்துது.
இடது மார்பில் கட்டி இருப்பதாகச் சொல்கிறார்.
என் விரலுக்கு எட்டுவது இவ்வளவுதான்.
ஊசி போடவில்லை. உடனே ஸ்கேன் எடுக்கவும்.

"யார்மேலம்மா கோபம்னு கேட்டாரு அந்த பாய்.
ஒருத்தர்மேலன்னா பேர் சொல்லலாம்."

டாக்டர் மிருணாளினி விளக்கை அணைத்தார்.
ஜெல் பட்டதும்
"ஐஸ் பொட்டி" என்றாள் ஜெசிந்தா.
யார் காதுக்கும் எட்டாத சத்தம் உள்ளே போய்
திரும்பி வந்தது சாம்பலாக:
கொழுப்பு, சுரப்பி, தசை,
ஒன்றன்மேல் ஒன்று படுத்த அலைகள்.
நடுவில்
அலை ஏறாத ஓர் இடம்.

அவள் கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.
"எங்க போட்ல கீற எக்கோதானே இது?
மீன் கூட்டம்னா மேகமாட்டம் காட்டும்.
பாறைன்னா கீழ நெழல் வுழும்.
இதுக்கு நெழல் கீது டாக்டரே."

டாக்டரின் கை நின்றது.
பிறகு இரண்டு சிலுவைக் குறிகளை வைத்து அளந்தார்.
குறுக்கே பதினொன்று. நெடுக்கே பதினான்கு.

அவர் சொல்ல நான் தட்டினேன்:
இடது மார்பு, இரண்டு மணி நிலை.
ஓரம் ஒழுங்கில்லை.
அகலத்தைவிட உயரம் கூடுதல்.
பின்புறம் நிழல்.

"இன்னா ரெண்டு மணி?
ரெண்டு மணிக்கு நான் ஏலத்துல நிக்கணும்."

டாக்டர் டிஷ்யூ தாளில் ஒரு வட்டம் போட்டார்.
பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது.
நடுவில் காம்பு.
வலப்பக்கம் மேலே, மூன்றுக்குச் சற்று முன்னால்,
பேனா ஒரு புள்ளி வைத்தது, மை பரவியது.

"அப்ப சரியாத்தான் கீது" என்றாள் ஜெசிந்தா.
"வட்டிக்காரன் கூடைப் பக்கத்துல நிப்பான்.
வஞ்சிரத்தைப் பாதி வெலைக்கு வுடச் சொல்லுவான்.
வாயை மூடிக்கினு வுடுவேன். அது அந்த ரெண்டு மணி."

கோபத்தால் கட்டி வராதம்மா,
எதனாலென்று அடுத்த பரிசோதனை
கொஞ்சம் சொல்லும் என்றார் டாக்டர்.

"வராதா? நல்லதாப்போச்சு.
உள்ள இன்னும் நெறைய கீது."

நாங்கள் சிரித்தோம். சிரிக்கலாமா என்று
எனக்குத் தெரியவில்லை.

ஊசியால் சதை எடுக்க வெள்ளிக்கிழமை என்று முடிவானது.
"இந்த ஊசியும் பாய் ஊசி மாதிரியா?"
இல்லை, இது உள்ளே போய்
கொஞ்சம் எடுத்துக்கொண்டு வரும்.
"எட்டுக்குள்ள ஏலம் முடிஞ்சிடும். பத்துக்கு வர்றேன்."

அறிக்கைப் படிவத்தில் நோய்க்குறிப்புக்கு ஒரே வரிதான் இடம்.
கட்டி, மூன்று மாதம் என்று தட்டினேன்.
முறுக்கிய கம்பியைத் தட்ட இடமில்லை.
பின்னால் சீட்டை வைத்து
ஸ்டேப்ளர் அடிக்கச் சொன்னார் டாக்டர்,
என்னைப் பார்க்காமலே.

டிஷ்யூ கடிகாரத்தை ஜெசிந்தா
சுருக்குப்பையில் சில்லறையோடு வைத்துக்கொண்டாள்.
படி இறங்கும்போது யாரையோ போனில் திட்டினாள்,
இந்த முறை பேர் சொல்லி.

விளக்கைப் போட்டேன்.
படுக்கை விரிப்பில் ஜெல்லுக்கு நடுவே
ஒரு மீன் செதில்.
துடைத்தால் இடம் மாறியது, போகவில்லை.
வெளியே அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.