வேலிக்கு இந்தப் பக்கம்

முதல் விதி: நனை.
உடைக்காதே, இழுக்காதே, பெருக்காதே.
எதைத் தொடுவதானாலும் முதலில் நனை.
மேட்டூர் திறக்க இன்னும் பத்தொன்பது நாள்.
வெண்ணாற்றில் மணல் காய்கிறது.
நாங்கள் ஒரு செத்த ஆலைக்கு
டேங்கர் டேங்கராய்த் தெளித்துக்கொண்டிருக்கிறோம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட
மூன்றாவது லாரியின் முன்னால் வந்து நின்று
உத்திராபதி கேட்டார்:
"நாத்தங்காலுக்கு இல்லாத தண்ணி
சீட்டுக் கொட்டகைக்கா?"
டிரைவர் ஜெகபர் என்னைக் கைகாட்டிவிட்டுக்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.
நான் காற்றை அளக்க வந்தவள்.
தண்ணீரைப் பற்றி என்னிடம்
பதில் இல்லை.

இடுப்பில் பம்ப், தோளில் வடிதாள்.
நாலு மணி நேரம் காற்றை உறிஞ்சவிட்டு
இரவு மன்னார்குடி லாட்ஜில்
நுண்ணோக்கியின் கீழ் நார்களை எண்ணுவேன்.
அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளமா, எண்ணு.
இல்லையா, அது வெறும் தூசி, விடு.
நூறு கட்டம் பார்த்து நிமிர்ந்தால்
பார்சல் சாதத்திலும் நார் தெரியும்.
ஆகாத காரியத்தைக்
கல்லில் நார் உரிப்பது என்பார்கள்.
இங்கே இருபத்தாறு வருஷம்
மூன்று ஷிஃப்ட் போட்டு உரித்திருக்கிறார்கள்.

வெள்ளை உடுப்புக்காரர்களைப் பார்த்துப்
பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்
மறுபடி கொரோனாவா என்று கேட்கிறார்கள்.
வேலிக்கு அடியில் ஆடுகள் போய்வருகின்றன.
ஒப்பந்தத்தில் ஆடுகள் இல்லை.

பத்தாம் நாள் சாயங்காலம்
தையல்நாயகி வந்தாள், கையில் ஒரு சாக்கு.
மடித்திருந்த நேர்த்தியில்
புடவை என்றுதான் நினைத்தேன்.
"இது உங்களுது" என்றாள்.

ஆலை ஓடிய காலத்தில் காலிச் சாக்கு ஒரு ரூபாய்.
வீட்டுக்காரருக்குக் கலவைப் பிரிவில் வேலை.
சனிக்கிழமைதோறும் பத்து கொண்டுவருவார்.
களத்தில் போட்டு இவள் உதறுவாள்.
இலவம்பஞ்சு மாதிரி பறக்குமாம்,
பிள்ளைகள் ஓடிவந்து அதற்குள் நிற்குமாம்.
உதறிய சாக்கில் விதைநெல்.
மார்கழிக்கு இரண்டைச் சேர்த்துத் தைத்துப் போர்வை.
தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் அவருக்கு
டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள்.
ஏழாவது மாதம் இல்லை.

"உதறினது நான்தானே.
எனக்குள்ள எத்தினி இருக்கும்னு
ஒங்க மெஷின்ல தெரியுமா?"

காற்றுக்கு மட்டும்தான் என்றேன்.
அதைச் சொல்ல எனக்கு
இவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டாம்.

மேற்பார்வை குஞ்சிதபாதம் தடுத்தார்.
"வேலிக்கு உள்ளே நாலரை ஏக்கர், அவ்வளவுதான் மேடம்.
இதை எடுத்தா ஊரே கொண்டாந்து கொட்டும்."
அவர் சொன்னது சரி.
மாட்டுக்கொட்டகைக் கூரை, சைக்கிள் ஸ்டாண்டு,
வரப்புச் சரியாமல் செருகிய சில்லு,
குளத்துப் படியில் துணி துவைக்கும் பலகை.
ஆலை எப்போதோ வேலியைத் தாண்டிப் போயிருந்தது.

பிரிக்காதீங்க என்றேன். தெளிப்பானை எடுத்தேன்.
"தண்ணியப் போயி இதுக்கு..." என்றாள்.
நனைச்சாத்தான் பறக்காது என்றேன்.
ஒரு பையில் இட்டு, அதை இன்னொரு பையில் இட்டு,
கழுத்தைத் திருகி மடக்கி டேப் சுற்றினேன்.
பதிவேட்டில் வரிசை எண் அறுநூற்றுப் பதிமூன்று:
சாக்கு, ஒன்று. எடை, ஈரத்தோடு, ஒன்றரைக் கிலோ.
சீட்டு கேட்டாள்.
கொடுத்தேன்.
சாக்கைப் போலவே அதையும் நேர்த்தியாக மடித்தாள்.

காலையில் வந்தபோது
வேலி நெடுகிலும் வைத்திருந்தார்கள்.
உடைந்த சீட்டுகள், கோழிக்கூண்டின் மூடி,
ஒரு குழாய்த் துண்டு, நீலப் பெயின்ட் அடித்த பலகை,
கயிறு போட்டுக் கட்டிய ஏழு சாக்கு.
குஞ்சிதபாதம் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.
ராத்திரி மழை இல்லை.