மற்றும் குடும்பத்தினர்

செங்குன்றத்து ஆலையில்
நெல் அவித்த ஒன்பது வருஷமும்
முதலாளி நோட்டில் எனக்கொரு வரி இருந்தது:
'பொம்பளை ஒண்ணு.'

ஜீப்பில் வந்து மீட்டார்கள்.
விடுதலைச் சான்றில் மாரப்பன் என்று அவர் பெயர்,
பக்கத்தில்
'மற்றும் குடும்பத்தினர்'.

வியாசர்பாடியில் வெற்றிக் கூட்டம்.
இனி எவருக்கும் எவரும் அடிமை இல்லை என்று
மைக் அதிர்ந்தபோது
நானும் கன்னியம்மாவும் பின்னால்
டம்ளர் கழுவிக்கொண்டிருந்தோம்.
அவள்தான் கையை உதறிவிட்டுக் கேட்டாள்:
"எவருக்கும்னா, ராத்திரிக்கும் சேர்த்தா?"

சிரித்தோம்.
அப்புறம் சிரிக்க முடியவில்லை.

முன்பணம், வட்டி, கொத்தடிமை.
சங்கத்தில் கற்ற சொற்கள்
செருப்போடு வீட்டுக்குள் வந்துவிட்டன.
என்னைக் கட்ட அப்பனுக்குக் கொடுத்த பரிசத்துக்கு
இன்னொரு பெயர் கிடைத்தது.

எட்டுப் பேர் தனியாகக் கூடினோம்,
ஏரிக்கரை பம்பு ரூம் நிழலில்.
"சங்கத்தை உடைக்கிறீங்க" என்றார் தலைவர்.
டீ அவரே போட்டுக் குடித்தாராம் அன்று.

நாளை பொன்னேரிக்குப் போகிறோம்,
சான்றைத் திருப்பிக் கொடுத்து
ஆளுக்கொன்று கேட்க.
கைநாட்டு வேண்டாமென்று
கன்னியம்மா பெயர் எழுதிப் பழகுகிறாள்.
ரெண்டு சுழிக்கு மூணு சுழி போட்டு
கண்ணியம்மா என்றே வருகிறது.

நான் திருத்தவில்லை.